துபாய்க்குப் போகும் டெல்டாக்காரர்களுக்கு: ஊத் மேத்தா மாதா கோயில்

முதல் வெள்ளிக்கிழமை பூசைக்குப் போனபோது, வேளாங்கண்ணிப் பழக்கத்தில் செருப்பை வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போனேன். முடிந்து வந்து பார்த்தால், என் ஒரு ஜோடி மட்டும் வெயிலில் காய்ந்துகொண்டிருக்கிறது. மற்ற எல்லோரும் ஷூவோடுதான் உள்ளே இருந்திருக்கிறார்கள். காலை வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு.

இப்போது ஊரோடு வந்துவிட்டேன். பூண்டி மாதா கோயிலில் பார்க்கிற பையன்கள் விசா வந்ததும் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, அங்கே கோயில் உண்டா?" உண்டு. ஊத் மேத்தாவில் புனித மரியாள் கோயில். ஷேக் ராஷித் கொடுத்த நிலத்தில் 1967இல் எழும்பியது. இப்போது இருப்பது 1989இல் திரும்பக் கட்டியது. மெட்ரோ பச்சை வழித்தடத்தில் ஊத் மேத்தா ஸ்டேஷனில் இறங்க வேண்டும். ஆங்கிலம், அரபு, மலையாளம், கொங்கணி, தகலாக் என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் பூசை, தமிழுக்கும் உண்டு. டேனிஷ்காரர்கள் 1701இல் தரங்கம்பாடியில் சீயோன் கோயில் கட்டிக்கொண்டதும் இப்படித் தங்கள் மொழியில் கும்பிடத்தானே!

சி.எஸ்.ஐ., லுத்தரன் பிள்ளைகள் பக்கத்திலேயே உள்ள ஹோலி டிரினிட்டி வளாகத்துக்குப் போகலாம். ஆற்றில் முறைவைத்துத் தண்ணீர் விடுவதுபோல, ஒரு சபை முடிந்து இன்னொரு சபை ஆராதனை நடத்தும்.

2022இலிருந்து அங்கே அரசு விடுமுறை சனி, ஞாயிறு. வெள்ளி அரை நாள். உங்கள் கம்பெனி எந்த நாளை விடுகிறதோ, அதைப் பார்த்து பூசை நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கிளம்பும்போது ஞானஸ்நானச் சான்றிதழைக் கையோடு எடுத்துப்போங்கள். போனதும் பங்கு அலுவலகத்தில் பெயரைப் பதியுங்கள். நான் நாலு வருஷம் பதியாமலே பூசை பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். ஊரில் கலியாணம் நிச்சயமாகி, கோயிலில் ஓலை (கலியாண அறிவிப்பு) வாசிக்கும் நேரத்தில் சாமியார், "துபாய் பங்கிலிருந்து கடிதம் எங்கே?" என்றார். அங்கே என்னை யாருக்குத் தெரியும்? தப்பு என்னுடையதுதான். கடிதம் வந்துசேர்வதற்குள் மாமனாருக்கு என்மேல் சந்தேகமே வந்துவிட்டது.

பூசை முடிந்ததும் ஓடிவிடாதீர்கள். வெளியே நிற்கும் அந்த அரை மணி நேரத்தில்தான் சத்வா ஏரியாவில் எந்த ரூமில் பெட் ஸ்பேஸ் (வாடகைக்கு ஒரு கட்டில்) காலி, யார் கார் லிஃப்ட் தருகிறார்கள் என்பதெல்லாம் காதில் விழும். ஆங்கிலப் பூசையில் நின்றால், "பரலோக மந்திரம்" சொல்லும்போது பக்கத்திலிருக்கும் பிலிப்பைன்ஸ்காரர் உங்கள் கையைப் பிடித்துக்கொள்வார். கூச்சப்பட வேண்டாம், அது அவர்கள் வழக்கம். நம் வணக்கம் அவர்களுக்குப் புதுசு.

ஆனால் கோயிலில் பார்த்த முகம் என்பதற்காக யாரையும் நம்பிவிடக் கூடாது. "வேலை வாங்கித் தருகிறேன், பாஸ்போர்ட்டைக் கொடு" என்றால் நகர்ந்துவிடுங்கள். பாஸ்போர்ட்டை முதலாளியே வாங்கி வைத்துக்கொள்வதுகூட அங்கே சட்டத்துக்குப் புறம்பு. சிக்கல் என்றால் இந்தியத் தூதரகத்தின் பிரவாசி பாரதிய சகாயதா கேந்திரா இருக்கிறது; 800 46342 இலவச எண். அப்புறம், நண்பன் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான் என்று வாட்ஸ்ஆப்பில் வசூல் ஆரம்பிக்காதீர்கள். அனுமதி இல்லாமல் பணம் திரட்டினால் வழக்கு. இரக்கப்பட்டுச் செய்தேன் என்பது அங்கே எடுபடாது. துண்டுப் பிரசுரம் கொடுத்து மதம் பரப்புவதும் அப்படித்தான். வளாகத்துக்கு வெளியே வேண்டவே வேண்டாம்.

வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29 கொடியேற்றம் வந்தால் மனசு நாகப்பட்டினம் ரோட்டில் காவி வேட்டியோடு நடக்கத் தொடங்கிவிடும். துபாயில் தேர் தெருவுக்கு வராது, எல்லாம் வளாகத்துக்குள்தான்.

வேளாங்கண்ணி எண்ணெய் எடுத்துப்போவதானால் மூடியில் டேப் சுற்றி, இரண்டு பிளாஸ்டிக் பையில் போட்டுப் பெரிய பெட்டியில் வையுங்கள். என் முதல் பாட்டில் அம்மா கொடுத்த முறுக்கிலேயே கொட்டிவிட்டது. ரூமில் இருந்த மலையாளி அண்ணன் அதையும் விடவில்லை, "மாதாவோட எண்ணெய்தானே" என்று பாதியைத் தின்று தீர்த்தார்.