கேட்கிறவர்களைக் கவனிப்பதில் நாம் செய்யும் தவறுகள்

இந்த வருஷம் எங்கள் அலுவலகத்தில் மூன்று பெண்களுக்குப் பொறுப்பாளர் வேலை கிடைத்திருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில், வீட்டு வன்முறை, பாலியல் வன்முறைக் கேஸ்களைப் பார்க்கும் சின்ன அலுவலகம். இதுவரை பாதிக்கப்பட்டவர்களின் கதையைக் கேட்டவர்கள், இனி அந்தக் கதைகளைக் கேட்கிற ஊழியர்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். நான் எங்கெல்லாம் கவிழ்ந்தேனோ, அங்கெல்லாம் வரிசை மாறாமல் கவிழ்கிறார்கள்.

நன்றாகத் தூங்குங்கள், வீட்டுக்குப் போனதும் ஆபீஸ் போனை அணைத்துவிடுங்கள் என்பதெல்லாம் இங்கே வராது. அது எல்லோருக்கும் தெரியும், யாரும் செய்வதில்லை.

கேட்பதால் மட்டும் ஒருவர் நொந்துபோவாரா என்று இன்னும் கேட்கிறவர்களுக்கு ஒன்று. மனநல மருத்துவர்கள் கையில் வைத்திருக்கும் நோய்க் கையேடான டி.எஸ்.எம்.-5, 2013இல் வந்தது. மனக்காயத்துக்குப் பிந்தைய நோய்க்கான காரணங்களில், கொடுமையின் விவரங்களை வேலையின் பொருட்டுத் திரும்பத் திரும்ப எதிர்கொள்வதையும் அது சேர்த்திருக்கிறது. குழந்தைகளுக்கு நடந்த கொடுமைகளின் விவரங்களைக் கேட்டுக்கொண்டே இருக்கும் போலீஸ்காரர்களை ஓர் உதாரணமாகக் காட்டுகிறது.

மொழிபெயர்ப்பவரை நாற்காலி மேசை போல நினைப்பது

இதை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். பாதி என் மேல்தான்.

எனக்குத் தமிழ் என் பாட்டியிடமிருந்து வந்தது. பயிற்சிக் காலத்தில் அதுவே எனக்கு வினையாயிற்று. பேரன் ஷுகர்ஸ் என்ற போதைப்பொருள் வாங்கப் பென்ஷன் பணத்தைப் பிடுங்குகிறான், கொடுக்காவிட்டால் கை நீட்டுகிறான் என்று வயதான அம்மாக்கள் வருவார்கள். ஆங்கிலத்தில் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு, அழுகை வந்ததும் தமிழுக்குப் போய்விடுவார்கள். உடனே ஆபீஸில் இருப்பவர்கள் "அந்தத் தமிழ்ப் பொண்ணைக் கூப்பிடு" என்பார்கள். மொழிபெயர்ப்பவர் தன்மையில் பேச வேண்டும் என்பது விதி. "அவரை அடித்தானாம்" என்று சொல்லக் கூடாது, "என்னை அடித்தான்" என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு நாளில் மூன்று பேருக்காக "என்னை" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போவேன். அது என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும்.

தெரிந்தும் அதையே இன்னொருவருக்குச் செய்தேன்.

பக்கத்தில் ஜூலு மக்கள் வாழும் உம்லாசி. எங்களிடம் வருகிறவர்களில் ஜூலு பேசுகிறவர்கள் நிறைய. எனக்கு ஜூலு அரைகுறை. முன்மேசையில் உட்கார்ந்திருந்தவரை எல்லோரும் "மா" என்போம். போன் எடுப்பது, கோப்பு அடுக்குவது, டீ போடுவது அவர் வேலை. "மா, ஒரு நிமிஷம்" என்று நான் கூப்பிடுவேன். ஒரு நிமிஷம் ஒன்றரை மணி நேரமாகும். முடிந்ததும் அவர் எழுந்து நேராகப் போய், அடித்துக்கொண்டிருக்கும் போனை எடுப்பார். இப்படி நாலு வருஷம். சமூகப் பணியாளர்கள் மூத்தவரோடு உட்கார்ந்து வேலையின் பாரத்தைப் பேசுவதை சூப்பர்விஷன் என்போம்; அந்தப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. இருக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை.

ஒரு நாள் ஓர் இளம்பெண் பேசிக்கொண்டிருந்தாள். அவள் வலது கை தன் கழுத்துக்குப் போய், கட்டைவிரல் ஒரு பக்கமும் மற்ற விரல்கள் மறுபக்கமுமாக நின்றது. மா ஆங்கிலத்தில் சொன்னது: "என்னைப் பிடித்துத் தள்ளினான்." நான் மாவைப் பார்த்தேன். மா ஜன்னலைப் பார்த்தார். இன்னொரு தரம் கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான், "கண் இருட்டும் வரை என் கழுத்தை நெரித்தான்" என்றார்.

கழுத்தை நெரித்தவன் பின்னாளில் கொல்லவும் கூடும் என்பது இந்தத் துறையில் நன்றாக நிரூபணமான அபாயக் குறி. ஆபத்தைக் கணிக்கும் படிவத்தில் அதற்கென்றே ஒரு கேள்வி உண்டு. அதில் அன்று "இல்லை" என்று எழுத இருந்தேன்.

நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்கிறேன். மாவைக் கூப்பிட்டு, துல்லியமாக மொழிபெயர்க்க வேண்டும் என்று கண்டித்தேன். அவர் தலையாட்டினார். அந்த மாதக் கடைசியில் வேலையை விட்டார். போகும்போதுதான் சொன்னார்: பேத்தியைத் தனியாக டாக்ஸியில் ஏற்ற முடிவதில்லையாம், ராத்திரி எழுந்து எழுந்து தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்க்கிறாராம். உலகமே பாதுகாப்பற்றது என்று, கேட்கிறவரின் மனசின் அடித்தளம் மாறிவிடுவதைத்தான் மெக்கேன், பேர்ல்மேன் என்ற உளவியலாளர்கள் 1990இல் எழுதிய கட்டுரையில் விவரித்தார்கள். அதை நான் படித்திருந்தேன், பரீட்சையும் எழுதியிருந்தேன். முன்மேசையில் அது உட்கார்ந்திருந்தது கண்ணில் படவில்லை. அவர் வார்த்தையை மழுப்பியது கவனக்குறைவால் அல்ல. இன்னொரு தரம் "என் கழுத்து" என்று சொல்ல அவரால் முடியவில்லை.

இப்போது என்ன செய்கிறோம்? உள்ளே போகும் முன் ஐந்து நிமிஷம், வரப்போவது எந்த மாதிரிக் கேஸ் என்று மொழிபெயர்ப்பவரிடம் சொல்லிவிடுகிறோம். அவர் "இன்று முடியாது" என்றால் காரணம் கேட்பதில்லை. ஒரு நாளுக்கு இரண்டுக்கு மேல் கிடையாது. முடிந்ததும் பத்து நிமிஷம் என்னோடு உட்கார்ந்த பிறகுதான் மேசைக்குத் திரும்புவார். வேலைக்குத் தனிச் சம்பளம், சூப்பர்விஷன் பட்டியலில் பெயர். பேச்சின் நடுவே "என்னை" போய் "அவரை" வந்தால், அதைப் பிழையாகப் பார்க்காமல் இடைவேளை விடுகிறேன்.

இந்த வருஷம் பொறுப்புக்கு வந்தவர்களில் ஒருத்தி போன வாரம் எங்கள் ஆபீஸில் துப்புரவு வேலை செய்யும் அம்மாவை "ஒரு நிமிஷம்" என்று கூப்பிட்டாள். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்து ஒரே நாளில் முடிப்பது

மோசமான கேஸ் ஒன்று வந்தால், மறுநாள் எல்லோரையும் கூட்டி, பார்த்ததையும் பட்டதையும் சொல்லவைக்கும் டிப்ரீஃபிங் முறை தீயணைப்பு, ஆம்புலன்ஸ் ஆட்களுக்காக எண்பதுகளில் வந்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதிர்ச்சியை நேரில் அனுபவித்தவர்களிடம் ஒரே அமர்வு டிப்ரீஃபிங் நோயைத் தடுக்கவில்லை என்று 2002இல், பல மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து எடைபோட்ட காக்ரேன் மதிப்பாய்வு சொன்னது. ஓர் ஆய்வில் நிலைமை மோசமாகவே ஆகியிருந்தது. எங்கள் வட்டத்தில் அந்தக் கேஸைப் பார்க்காத இரண்டு பேரும் அதைச் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போனார்கள். விரும்புகிறவரோடு தனியாகப் பேசுங்கள், இரண்டு வாரம் கழித்து மறுபடி கேளுங்கள்.

கேஸைக் குறைக்காமல் மெழுகுவர்த்தி கொடுப்பது

ஆகஸ்ட் 9, எங்கள் நாட்டுப் பெண்கள் தினத்துக்கு வாசனை மெழுகுவர்த்தி, குளியல் உப்பு, யோகா வகுப்பு. திங்கட்கிழமை அதே இருபத்தெட்டு கேஸ். கனடாவில் போபரும் ரீகரும் 259 சிகிச்சையாளர்களிடம் செய்த ஆய்வு 2006இல் வந்தது. சுயபராமரிப்புக்கு எவ்வளவு நேரம் ஒதுக்கினார்கள் என்பதற்கும் மனக்காய அளவுக்கும் தொடர்பு தெரியவில்லை. வாரத்துக்கு எத்தனை மணி நேரம் பாதிக்கப்பட்டவர்களோடு இருக்கிறார்கள் என்பதுதான் கணக்கைத் தீர்மானித்தது. யோகா வேண்டாம் என்று சொல்லவில்லை. கேஸைப் பிரித்துக் கொடுத்துவிட்டு அப்புறம் யோகா.

கோப்பில் கையெழுத்துப் போடுவதை சூப்பர்விஷன் என்பது

அது தணிக்கை.

காரில் போகும்போது முழுக்கதையும் கொட்டுவது

"கேட்கத் தெம்பு இருக்கா?" என்று முதலில் கேளுங்கள். இல்லை என்றால் ரேடியோவைப் போடுங்கள்.

நவம்பர் 25 முதல் டிசம்பர் 10 வரை லீவு தர மறுப்பது

பெண்களுக்கு எதிரான வன்முறையை எதிர்க்கும் அந்த 16 நாளில் எல்லா மேடைக்கும் ஆள் தேவை, தெரியும். பேனரைத் தன்னார்வலர் பிடிக்கட்டும். லீவு கேட்கிறவளுக்கு லீவு கொடுங்கள்.