பழைய வீடு வாங்கித் திருத்தி விற்கும் யோசனையோடு கனடாவின் ஸ்காபரோவுக்கு வந்தவர்களுக்கு

வந்து ஆறு மாதம் ஆகமுன்னமே யாராவது ஒரு கலியாண வீட்டில் இந்தக் கதையை எடுப்பார்கள். "பழைய பங்களோ (மேல்மாடி இல்லாத வீடு) ஒன்றை எடு. கிச்சினையும் பேஸ்மென்டையும் திருத்து. ஆறு மாதத்தில் வில்." 2022 தொடக்கம் வரை அப்படி உழைத்தவர்களை எனக்கும் தெரியும். அப்போது மத்திய வங்கி வட்டி 0.25 வீதம். வீட்டைத் தொடாமல் பூட்டி வைத்திருந்தாலே விலை ஏறியது. 2023 ஜூலையில் அதே வட்டி 5 வீதத்துக்குப் போனது. அதற்குப் பிறகு அவர்களில் சிலர் கலியாண வீட்டில் காலநிலை பற்றித்தான் கதைக்கிறார்கள்.

முதலில் ஒரு கொப்பியை எடுத்துக் கணக்குப் போடுங்கள். ஸ்காபரோவில் 8 இலட்சம் டொலருக்கு ஒரு வீடு. அது ரொறன்ரோ மாநகருக்குள் இருப்பதால் காணி மாற்று வரி இரண்டு தரம் வரும்: ஒன்ராறியோ மாகாணத்துக்கு 12,475, மாநகரத்துக்கு இன்னொரு 12,475. மாநகர எல்லைக்கு வெளியே பிக்கரிங், ஏஜெக்ஸ் பக்கம் போனால் இரண்டாவது இல்லை. நீங்கள் குடியிருக்காத வீடென்றால் குறைந்தது 20 வீதம் முற்பணம் வேண்டும். மிச்சம் 6 இலட்சத்து 40 ஆயிரத்தை 6 வீதத்துக்கு எடுத்தால் மாதம் 3,200 வட்டிக்கே போகும். ஆறு மாதத்தில் 19,200. திருத்தி 9 இலட்சத்து 50 ஆயிரத்துக்கு விற்கிறீர்கள், முகவர் கூலி 5 வீதம் என்று வைத்தால், விற்பனை வரியான எச்.எஸ்.டி.யோடு 53,675. எல்லாம் கூட்டினால் 97,825. ஒன்றரை இலட்சம் 'லாபத்தில்' மிஞ்சுவது 52 ஆயிரம் சொச்சம். கிச்சின், குளியலறை, கூரை, லோயர் செலவு, காப்புறுதி, வீட்டு வரி எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். உங்களோடு நின்று வேலை செய்யும் தம்பியின் ஆறு மாதச் சம்பளத்தை நான் இன்னும் கணக்கில் எடுக்கவில்லை.

அதற்கு மேல் வருமான வரி. 2023 ஜனவரி 1 முதல், வாங்கி 365 நாளுக்குள் விற்றால் வரும் லாபம் முழுவதும் வியாபார வருமானம். "நான் குடியிருந்த வீடு" என்று சொல்லி விலக்குக் கேட்க முடியாது. மரணம், விவாகரத்து, வேலை இடமாற்றம் போன்ற சில காரணங்களுக்கு மட்டும் தளர்வு உண்டு. ஒரு வருடம் கடந்தாலும், இதையே திரும்பத் திரும்பச் செய்கிறவரை வியாபாரியாகவே வரித்துறை பார்க்கலாம். உள்பக்கம் முழுக்க உடைத்துக் கட்டினால், அதாவது 90 வீதமோ அதற்கு மேலோ மாற்றினால், அது புது வீட்டுக்குச் சமம், விற்கும்போது எச்.எஸ்.டி. வரும். கணக்காளரிடம் வாங்கமுன் போங்கள்.

இன்னும் நிரந்தர வதிவிடம் கிடைக்காதவர்கள் இந்த யோசனையைத் தள்ளி வையுங்கள். வெளிநாட்டவர் வீடு வாங்குவதற்கான தடையும், வெளிநாட்டவர் வாங்கும் வீட்டுக்கு ஒன்ராறியோ போடும் 25 வீத வரியும் உங்களுக்கு வழி விடுவது அரிது.

இனி வீடு. ஸ்காபரோவில் விலைக்கு வரும் பங்களோக்களில் பல 1950, 60களில் கட்டியவை. நாங்கள் எடுத்த முதல் வீட்டில் மச்சான் ஒரு சுவிட்சைக் கழற்றினார், உள்ளே அலுமினிய வயர். காப்புறுதிக்காரர் மின் பரிசோதனைச் சான்றிதழ் இல்லாமல் பொலிசி தரமாட்டோம் என்றார்கள், காப்புறுதி இல்லாமல் வங்கி காசு விடாது. வாங்கமுன் பரிசோதகரை அழைத்திருந்தால் சில நூறு டொலரோடு முடிந்திருக்கும். மின்வேலைக்கு உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரரையே பிடியுங்கள். பரணில் குளிர் தாங்கக் கொட்டிய பழைய வெர்மிகியுலைட் துகள் இருந்தால் கையை வைக்காதீர்கள், அஸ்பெஸ்டஸ் கலந்திருக்கலாம். பேஸ்மென்டைத் தனி வீடாக்க, பக்கச் சுவரை வெட்டி வாசல் வைக்க, மாநகரத்தின் கட்டட அனுமதி, அதாவது பேர்மிட் வேண்டும். "ஒருவருக்கும் தெரியாது" என்பார்கள். விற்கும் நாளில் வாங்குபவரின் லோயர் அதைத்தான் முதலில் கேட்பார்.

யாரும் குடியிருக்காத வீட்டுக்குச் சாதாரணக் காப்புறுதி பொதுவாக 30 நாளில் பலவீனமாகிவிடும். திருத்தவேலைக்கென்று தனியாக எடுங்கள். ரொறன்ரோவில் ஆறு மாதத்துக்கு மேல் வெறுமையாக இருந்தால் வெற்று வீட்டு வரி, மதிப்பீட்டில் 3 வீதம். பேர்மிட்டோடு நடக்கும் திருத்தவேலைக்கு விலக்கு உண்டு. ஆனால் வருடா வருடம் வீட்டின் நிலையை மாநகரத்துக்கு அறிவித்தால்தான்.

குடும்பமாகச் செய்வது நல்லது, ஆனால் எழுதாமல் செய்யாதீர்கள். அண்ணன் 60 ஆயிரம் போட்டார், மச்சான் எட்டு மாதம் கைவேலை செய்தார், அக்கா கடனுக்குக் கையெழுத்து வைத்தார். மூவருக்கும் பங்கு எவ்வளவு என்பதை வீடு வாங்கமுன் லோயர் முன்னிலையில் எழுதுங்கள். ஒருவர் இறந்தால் பங்கு மற்றவருக்குப் போகுமா, பிள்ளைகளுக்குப் போகுமா என்பதையும் அப்போதே கேளுங்கள். பத்திரத்தில் பெயர்களைப் பதிய இரண்டு விதம் இருக்கிறது, வித்தியாசம் பெரிது. சீட்டு எடுத்து முற்பணம் கட்ட நினைப்பவர்கள், வங்கி மூன்று மாதக் கணக்கைப் பார்த்து "இந்தக் காசு எங்கிருந்து?" என்று கேட்கும் என்பதை மறக்கக்கூடாது.

என்னைக் கேட்டால், முதல் வருடம் ஒரு திருத்தவேலைக் குழுவோடு வேலைக்குப் போங்கள். டிரைவோல் (ஜிப்சம் பலகைச் சுவர்) பூசுவதும் டைல்ஸ் ஒட்டுவதும் சம்பளத்தோடு பழகும், எந்தப் பிளம்பர் சொன்ன நாளுக்கு வருவார் என்பதும் தெரியும். பிறகு குடியிருக்கவே ஒரு பழைய வீடு எடுங்கள். குசினியை உடைத்த அந்த மாதம் பேஸ்மென்டில் மின்னடுப்பு வைத்துச் சமைக்க வேண்டிவரும். மனைவியிடம் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், நான் சொல்லவில்லை.