ஸ்னோ ஒயிட்டை எழுப்பியது முத்தமா, முதுகில் விழுந்த அடியா? கதையையும் படத்தையும் ஒப்பிட ஒரு வழி

தேவதைக் கதையையும் அதை வைத்து எடுத்த படத்தையும் ஒப்பிட உட்காருகிறவர்களுக்கு என் முதல் யோசனை: படத்தின் தொடக்கத்தில் பெயர்கள் ஓடும்போது தள்ளிவிடாமல் பாருங்கள். டிஸ்னியின் ஸ்னோ ஒயிட் (1937), ஜெர்மன் நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்களின் பெயரைச் சொல்லும். அதே டிஸ்னியின் சிண்ட்ரெல்லா (1950) பிரெஞ்சுக்காரர் சார்ல் பெரோவின் பெயரைப் போடும். இந்த வித்தியாசத்தைப் பிடிக்காமல் பேச ஆரம்பித்தால் வீண் சண்டைதான்.

"அசல் சிண்ட்ரெல்லாவில் அக்காக்கள் காலை வெட்டிக்கொள்வார்கள், டிஸ்னி மறைத்துவிட்டது" என்று யாராவது சொல்லிக் கேட்டிருப்பீர்கள். விரலையும் குதிகாலையும் வெட்டுவது கிரிம் கதையில். பெரோ 1697இல் வெளியிட்ட கதையில் ஒரு சொட்டு ரத்தம் கிடையாது. பூசணிக்காய் வண்டி, கண்ணாடிச் செருப்பு, மந்திரக்கோல் தேவதை எல்லாம் அவருடைய சரக்கு. கடைசியில் சிண்ட்ரெல்லா அக்காக்களை மன்னித்து, ஆளுக்கொரு பிரபுவைப் பார்த்துக் கல்யாணமும் செய்துவைக்கிறாள். கிரிமில் தேவதையே வருவதில்லை. அம்மாவின் கல்லறையில் நட்ட மரமும் அதில் வந்து உட்காரும் வெள்ளைப் பறவையும்தான் உடுப்பு கொடுக்கின்றன. விருந்துக்கு மூன்று நாள் போகிறாள், செருப்பு தங்கம். ஆக, படம் தான் எடுத்துக்கொண்ட கதைக்குப் பெரிய துரோகம் செய்யவில்லை. எனக்கு அந்தப் படத்தின் மேல் இருக்கும் கோபம் வேறு: எலிகளுக்கும் பூனைக்கும் கொடுத்த நேரத்தில் பாதியாவது அந்த இளவரசனுக்குக் கொடுத்திருக்கலாம்.

அடுத்தது, எந்தப் பதிப்பு என்று பாருங்கள். கிரிம் கதைகளின் முதல் தொகுதி 1812இல் வந்தது. அவர்கள் காலத்தின் கடைசிப் பதிப்பு 1857. இடையில் தம்பி வில்ஹெல்ம் திருத்திக்கொண்டே இருந்தார். 1812 ஸ்னோ ஒயிட்டில் மகளைக் கொல்லச் சொல்வது பெற்ற தாய். 1819இல் அவள் மாற்றாந்தாய் ஆகிவிட்டாள். முதல் பதிப்பு ரபுன்சல், தன் சட்டை ஏன் இறுக்கமாகிறது என்று, தன்னைக் கோபுரத்தில் அடைத்து வைத்திருக்கும் தேவதையிடம் வெகுளியாகக் கேட்பாள். ரபுன்சல் கர்ப்பம். பின்னால் அந்த வரியை எடுத்துவிட்டார்கள். சினிமா பிறப்பதற்கு முன்பே கத்தரிக்கோல் விழுந்தாயிற்று.

கடைசிப் பதிப்பைப் படிக்க, மார்கரெட் ஹன்ட் 1884இல் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு புராஜெக்ட் குட்டன்பெர்க் என்ற இணைய நூலகத்தில் இலவசம். முதல் பதிப்பு வேண்டுமென்றால் ஜாக் ஸைப்ஸ் மொழிபெயர்த்து 2014இல் வந்த புத்தகத்தைத் தேடுங்கள். எட்கர் டெய்லரின் 1823 மொழிபெயர்ப்பை வைத்து ஒப்பிடாதீர்கள், அதிலேயே நிறைய மென்மையாக்கிவிட்டார். தவளை இளவரசன் கதையில் தவளையைச் சுவரில் அறையும் கிரிம் இளவரசி, டெய்லர் கையில் தவளையைத் தலையணையில் தூங்க விடுகிறாள்!

சரி, கதையும் படமும் கையில் வந்துவிட்டன. எல்லாவற்றையும் ஒப்பிடப் போனால் ராத்திரி ஆகிவிடும். ஞாயிறு மாலைகளில் எங்கள் குடியிருப்புப் பிள்ளைகளோடு உட்காரும்போது நான் சார்ட் பேப்பரில் மூன்று கேள்வி மட்டும் எழுதுவேன்: கெடுதல் செய்வது யார், எப்படி? பெண் எப்படித் தப்பிக்கிறாள்? கெட்டவருக்கு என்ன முடிவு?

ஸ்னோ ஒயிட்டை நிரப்பிப் பாருங்கள். படத்தில் ராணி பெட்டியில் இதயம் கேட்கிறாள், ஒரே தடவை ஆப்பிளோடு வருகிறாள். கதையில் நுரையீரலும் கல்லீரலும் கேட்டு, வந்ததைச் சமைத்துத் தின்கிறாள் (வேடன் கொண்டுவந்தது காட்டுப்பன்றியுடையது). பிறகு நாடா, சீப்பு, ஆப்பிள் என்று மூன்று முறை வருகிறாள். கதையில் அந்தப் பெண்ணுக்கு ஏழு வயது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். முத்தத்தால் அவள் எழுவதில்லை. 1857இல் சவப்பெட்டியைத் தூக்கிப்போகும் வேலைக்காரன் இடறியதும் தொண்டையில் சிக்கிய ஆப்பிள் துண்டு வெளியே வருகிறது. 1812 இன்னும் மோசம்: பெட்டியைச் சுமந்து அலுத்த வேலைக்காரன் ஒருவன் அவளைத் தூக்கி முதுகில் ஓர் அடி போடுகிறான், துண்டு வந்துவிடுகிறது. இதைப் படித்தால் பிள்ளைகள் உருண்டு சிரிப்பார்கள். ராணியின் முடிவு படத்தில் பாறையிலிருந்து விழுவது. கதையில், பழுக்கக் காய்ச்சிய இரும்புச் செருப்பைப் போட்டு, சாகும்வரை ஆடவேண்டும். இதைக் கேட்டு முகம் சுளிப்பது பெற்றோர்தான், பிள்ளைகள் இல்லை.

முத்தம் கிரிமின் இன்னொரு கதையில் இருக்கிறது, முள்வேலிக்குள் நூறு வருடம் தூங்கும் இளவரசியின் கதையில். படத்தில் புதிதாகத் தெரிவதெல்லாம் படக்காரர் கண்டுபிடித்தது என்றும் எழுதிவிடாதீர்கள், நடுவில் நாடகமேடை இருக்கலாம். கிரிமில் குள்ளர்களுக்குப் பெயர் இல்லை. 1912இல் நியூயார்க்கில் போட்ட நாடகத்திலேயே பிளிக், ஃப்ளிக், கிளிக் என்று வைத்துவிட்டார்கள். அதிலிருந்து 1916இல் வந்த மௌனப்படத்தை வால்ட் டிஸ்னி சிறுவயதில் கான்சாஸ் சிட்டியில் பார்த்திருக்கிறார்.

டென்மார்க் எழுத்தாளர் ஆண்டர்சனின் கடற்கன்னிக்கு (1837) பதிப்புத் தலைவலி அவ்வளவு இல்லை. ஒருவர் உட்கார்ந்து எழுதிய கதை அது. நேராகவே 1989 டிஸ்னி படத்தோடு வைத்துப் பார்க்கலாம். கதையில் கடற்கன்னியின் நாக்கை வெட்டுகிறார்கள், ஒவ்வோர் அடியும் கத்திமேல் நடப்பதுபோல் வலிக்கிறது, இளவரசன் வேறொருத்தியைக் கட்டிக்கொள்கிறான். சின்னப் பிள்ளைகள் இருந்தால் இதைக் கடைசியில் எடுங்கள்.

நடிகர்களை வைத்து மறுபடி எடுத்த படங்கள், 2015 சிண்ட்ரெல்லா மாதிரி, வந்தால் சார்ட்டில் இன்னொரு நெடுவரிசை போட்டு, பழைய கார்ட்டூனை அதற்குப் பக்கத்தில் எழுதுங்கள். அவை பாதி நேரம் பதில் சொல்வது கார்ட்டூனுக்குத்தான்.