வளைந்து வந்த இசைத்தட்டு

தர்மபுரியில் எங்கள் வீட்டில் அப்பா காலத்து ரெக்கார்டு பிளேயர் இன்னும் நன்றாகப் பாடுகிறது. அதற்காகவே மாதம் ஒரு எல்பி, அதாவது பெரிய இசைத்தட்டு, அனுப்பும் கிளப் ஒன்றில் சந்தா சேர்ந்தேன். மூன்றாவது மாதம் வந்த தட்டு அப்பளம் போல வளைந்திருந்தது. தட்டு நிமிடத்துக்கு 33⅓ முறை சுற்றும். ஒவ்வொரு சுற்றிலும் முள் ஏறி இறங்க, பாட்டு அழுவது போல இழுத்தது. சித்திரை வெயிலில் பார்சல் எங்கோ கிடந்திருக்க வேண்டும், தட்டு செய்யும் வினைல் பிளாஸ்டிக் சூடு தாங்காது. நான்கு மெயில் போட்டும் பதில் இல்லை. பணம் மட்டும் தேதி தவறாமல் போனது. வயிறெரிந்தது.

முதலில் யுபிஐ செயலியில், மாதாமாதம் தானாகப் பணம் போகும் ஆட்டோபே பகுதிக்குப் போய் அனுமதியை ரத்து செய்தேன். அதற்கு கிளப்பின் சம்மதம் தேவையில்லை. இது தெரியாமல் இரண்டு மாதப் பணத்தை விட்டேன். அப்புறம் தட்டைக் கண்ணாடி மேசையில் வைத்து, விளிம்பு தூக்கி நிற்பது தெரிகிற மாதிரி பக்கவாட்டில் படம் எடுத்தேன். 1915-க்கு, அதாவது தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு, போன் செய்து புகார் கொடுத்தேன்.

பத்தாவது நாள் கிளப்பே கூப்பிட்டது. மாற்றுத் தட்டு தருகிறோம் என்றார்கள். வேண்டாம், பணத்தைக் கொடுங்கள் என்றேன். வந்துவிட்டது. இப்போது பெங்களூரு போகும்போது கடையில் தட்டைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துத்தான் வாங்குகிறேன்.