கோயில் யானையைப் பார்த்த கண்ணோடு காட்டுக்குப் போகாதீர்கள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் காட்டு யானை கிடையாது. நமக்குத் தெரிந்தது கோயில் யானைதான். குன்றக்குடி சுப்புலட்சுமிக்கு ஒரு வாழைப்பழமாவது கொடுக்காமல் வளர்ந்த பிள்ளைகள் இங்கே குறைவு. 2024 செப்டம்பரில் கொட்டகையில் தீப்பிடித்து அது இறந்தபோது ஊரே கூடி அழுதது. அந்தப் பாசத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பரீட்சை லீவு விட்டதும் வேன் பிடித்து வால்பாறை, தேக்கடி, முதுமலை என்று கிளம்புகிறோமே, அங்கே போயும் அதே பழக்கத்தோடு நிற்பதுதான் ஆபத்தாகிறது. காட்டு யானை விஷயத்தில் நம் ஊர்க்காரர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை கோயில் யானையிடம் கற்றுக்கொண்டவை.

முதலில் தும்பிக்கை. கோயிலில் யானை தும்பிக்கையைத் தூக்கினால் ஆசீர்வாதம். அது பாகன் பழக்கிய பழக்கம். காட்டில் ஒரு யானை தும்பிக்கையை உயர்த்தி, நுனியை நம் பக்கம் வளைத்துப் பிடித்தால், நம்மை மோந்து பார்க்கிறது என்று பொருள். யானைக்குக் கண் பார்வை சுமார்தான், மூக்கோ அபாரம். நாம் யார், எத்தனை பேர் என்று மூக்கால்தான் கணக்குப் போடும். அந்த நேரம் பார்த்து வேனில் இருக்கும் ஆச்சிமார் "பிள்ளையாரப்பா" என்று கன்னத்தில் போட்டுக்கொள்வதும், பிள்ளைகள் கைதட்டுவதும், யாராவது ஒருவர் கதவைத் திறந்து இறங்குவதும் நடக்கிறது. கும்பிடுங்கள், தவறில்லை. ஆனால் கதவைத் திறக்காமல், சத்தம் போடாமல் கும்பிடுங்கள். காட்டுக்குள் கூட்டிப்போகும் பழங்குடி வழிகாட்டிகள் ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து உதிர்த்துப் பார்ப்பார்கள். தூசி எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம்தான் நம் வாசனையும் போகும். யானையிடமிருந்து நம்மை நோக்கிக் காற்று வீசினால்தான் நிதானமாகப் பார்க்க முடியும்.

அடுத்தது காது. காதை ஆட்டினால் கோபம் என்று பலர் நினைக்கிறார்கள். விஷயம் ஏறக்குறைய நேர்மாறு. காதின் பின்புறம் ரத்தக் குழாய்கள் வலைபோல் ஓடுகின்றன. விசிற விசிற ரத்தம் குளிர்ந்து உடம்பின் சூடு தணிகிறது. மெதுவாகக் காதாட்டிக்கொண்டு, வாலை வீசிக்கொண்டு மேயும் யானை நிம்மதியாக இருக்கிறது. அந்த ஆட்டம் சட்டென்று நின்றால்தான் கவனிக்க வேண்டும். காதுகள் இரண்டும் விரிந்து விறைக்கும், மேய்ச்சல் நிற்கும், தலை நம் பக்கம் திரும்பும், வால் கம்பாக நிற்கும். சில யானைகள் ஒரு முன்னங்காலை மட்டும் முன்னும் பின்னும் ஆட்டும், அல்லது மண்ணை அள்ளித் தலைமேல் போட்டுக்கொள்ளும். வரலாமா வேண்டாமா என்று அது யோசிக்கும் நேரம் அது. நாம் கிளம்ப வேண்டிய நேரமும் அதுவே.

அப்படியும் நின்றால் ஓடி வரும். காதை விரித்து, பிளிறிக்கொண்டு, புழுதி கிளப்பி வந்து பாதியில் நிற்பது பெரும்பாலும் மிரட்டல். காதைப் பின்னால் ஒட்டவைத்து, தும்பிக்கையை உள்ளே சுருட்டிக்கொண்டு, சத்தமே இல்லாமல் வருவது பெரும்பாலும் நிஜம். 'பெரும்பாலும்' என்பதை அடிக்கோடிட்டுப் படியுங்கள். மிரட்டலாக ஆரம்பித்தது நிஜமாக முடியலாம். யூடியூப்பில் இந்த வித்தியாசத்தைப் பார்த்துவிட்டு, "சும்மா பயமுறுத்துது, அசையாம நில்லு" என்று பக்கத்தில் இருப்பவருக்குத் தைரியம் சொல்பவரைக் கண்டால் எனக்கு அடிவயிறு கலங்குகிறது.

தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டே நிற்கும் கோயில் யானையைப் பார்த்து, நாதஸ்வரத்துக்கு ஆடுகிறது என்று குழந்தைக்குக் காட்டுகிறோம். சங்கிலியில் நாள் முழுக்க ஒரே இடத்தில் நிற்கும் யானையிடம் வரும் பழக்கம் அது. காட்டில் தன் போக்கில் திரியும் யானை இப்படி மணிக்கணக்கில் ஆடி நிற்காது. யானையின் இயல்பைக் கோயில் வாசலில் மட்டும் படித்தவருக்கு இந்த வேறுபாடு தெரிய வாய்ப்பே இல்லை.

மதம் விஷயமும் அப்படித்தான். தமிழ்நாட்டுக் கோயில்களில் இருப்பவை பெரும்பாலும் பிடி யானைகள். அதனால் மதம் கொண்ட களிற்றை நம்மில் பலர் பக்கத்தில் பார்த்ததே இல்லை. மதம் என்பது நோயோ பைத்தியமோ அல்ல. வளர்ந்த, நல்ல உடல்நிலையில் உள்ள களிறுகளுக்கு வரும் பருவம். வாரக்கணக்கில், சிலவற்றுக்கு மாதக்கணக்கில் நீடிக்கும். கண்ணுக்கும் காதுக்கும் நடுவிலிருந்து கறுப்பாக ஈரம் வழிந்து கன்னத்தில் கோடு போட்டிருக்கும். சிறுநீர் சொட்டிப் பின்னங்கால்களின் உட்புறம் நனைந்திருக்கும். இந்த இரண்டில் ஒன்று கண்ணில் பட்டாலும் படம் எடுக்க நிற்காதீர்கள். அதற்காக, பிடி யானை என்றால் சாது என்றும் எண்ணிவிடக் கூடாது. திருச்செந்தூர்க் கோயில் யானை தெய்வானை 2024 நவம்பரில் பாகனையும் அவருடைய உறவினரையும் தாக்கியதில் இருவரும் இறந்தார்கள். ஊருக்கே பழகிய பிடி யானை அது. கன்றோடு இருக்கும் காட்டுப் பிடியிடம் எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஒற்றை யானை என்றாலே கூட்டம் விரட்டிவிட்ட வெறி பிடித்த யானை என்பதும் தவறு. களிறுகள் பத்துப் பதினைந்து வயதில் தாய்க்கூட்டத்தைவிட்டுப் பிரிந்துவிடும். தனியாகத் திரிவது அவற்றின் இயல்பு. "ஒன்னுதானே நிக்குது" என்று நெருங்குவது இன்னொரு தவறு. கேட்டி பெய்ன் என்ற ஆய்வாளர் 1984-ல் அமெரிக்காவின் போர்ட்லாந்து உயிரியல் பூங்காவில் ஆசிய யானைகளின் அருகே நின்றபோது காற்றில் ஓர் அதிர்வை உணர்ந்தார். மனிதக் காதுக்கு எட்டாத தாழ்ந்த ஒலியில் யானைகள் பேசிக்கொள்கின்றன என்பது அதன் பிறகுதான் வெளிவந்தது. நம் கண்ணுக்கு ஒரு பிடியும் ஒரு கன்றும் மட்டும் தெரியலாம். புதருக்குப் பின்னால் மிச்சக் கூட்டம் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்.

சாலைக்கு வருவோம். பழநி முடித்து உடுமலை வழியாக மூணாறு போகும் பாதையும், பொள்ளாச்சியிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறும் வால்பாறைப் பாதையும் யானை நடக்கும் காடுகளுக்குள் போகின்றன. 2025 பிப்ரவரியில் வால்பாறை சாலையில் யானை நின்றபோது, அதைக் கடந்துபோக முயன்ற ஜெர்மனி நாட்டுப் பயணி ஒருவர் பைக்கிலிருந்து தூக்கி எறியப்பட்டு இறந்தார். யானை நின்றால் தூரத்திலேயே நிறுத்துங்கள். ஹார்ன் வேண்டாம், ஹைபீம் வேண்டாம், ஓரமாக நுழைந்து போகும் யோசனையே வேண்டாம். பின்னால் வரும் வண்டி ஒட்டி நின்றுவிட்டால் ரிவர்ஸ் எடுக்க இடமிருக்காது என்பதால் அவர்களுக்கும் கை காட்டுங்கள். அரை மணி ஆனால் ஆகட்டும். 2023 மே மாதம் அரிக்கொம்பன் என்ற காட்டு யானை கம்பம் ஊருக்குள் வந்தபோது மனிதர்கள் கூடிக் கத்தியதில் அது இன்னும் மிரண்டு தெருத்தெருவாக ஓடியது. ஒருவர் உயிரும் போனது.

கட்டுச்சோறும் பலகாரமும் இல்லாமல் நாம் எங்கும் போவதில்லை. தேன்குழல், சீப்புச் சீடை, மணகோலம் எல்லாம் வேனுக்குள் இருக்கட்டும். காலியான கவரை ஜன்னல் வழியே எறிந்தால் அதில் ஒட்டிய உப்புக்கும் எண்ணெய் வாசனைக்கும் யானை அதைப் பிளாஸ்டிக்கோடு தின்றுவிடும். 2025 மே மாதம் மருதமலை அடிவாரத்தில் இறந்த கர்ப்பிணி யானையின் வயிற்றில் பிளாஸ்டிக் கிடந்தது. பழம் கொடுப்பதும் கூடாது. சத்தியமங்கலம் காராப்பள்ளம் சோதனைச்சாவடிப் பக்கம் கரும்பு லாரிக்காகச் சாலையில் காத்து நிற்கும் யானைகளைப் பாருங்கள், மனிதன் காட்டிய ருசி எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று புரியும்.

சரி, எப்படித்தான் பார்ப்பது? வனத்துறை சஃபாரி வண்டியில் போங்கள், பைனாகுலர் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், ஒரே கூட்டத்தை அதிக நேரம் பாருங்கள். புல்லைக் காலால் உதைத்துப் பெயர்த்து, தும்பிக்கையால் சுருட்டி, வேர் மண் போக முன்னங்காலில் தட்டித் தட்டி, அப்புறம்தான் வாயில் போடும். குட்டிகள் பெரியவற்றின் வாய்க்குள் தும்பிக்கையை விட்டு என்ன தின்கிறது என்று சோதிக்கும். பிள்ளைகளுக்குக் கிட்டத்தில் காட்ட வேண்டுமென்றால் முதுமலை தெப்பக்காடு முகாம் இருக்கிறது, டாப்சிலிப்பில் கோழிகமுத்தி இருக்கிறது. முகாமில் பாகனிடம் கேட்டு, ஈர மண்ணில் பதிந்த முன்னங்கால் தடத்தின் சுற்றளவை நூல் வைத்து அளக்கச் சொல்லுங்கள். அதை இரண்டால் பெருக்கினால் ஏறக்குறைய அந்த யானையின் தோள் உயரம் வந்துவிடும்.