புதிய சமையல் நூலில் முதலில் பார்க்க வேண்டியவை

இனிப்புக்கோ சைவ உணவுக்கோ புதிய சமையல் நூல் ஒன்று கைக்கு வந்தால், அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன், அது எந்த நாட்டில் வெளியானது என்று பாருங்கள். கப் அளவில் பெரிய வேறுபாடு இல்லை. அமெரிக்காவில் ஏறத்தாழ 240 மி.லி., ஆஸ்திரேலியாவில் 250 மி.லி. ஆனால் மேசைக்கரண்டி அமெரிக்காவில் 15 மி.லி., ஆஸ்திரேலியாவில் 20 மி.லி. என்பதால், அமெரிக்க நூலின் அளவை ஆஸ்திரேலியக் கரண்டியால் அளந்தால் சோள மாவு போன்றவை மூன்றில் ஒரு பங்கு கூடிப்போய்ப் புட்டிங் கெட்டியாகிவிடக்கூடும். கிராம் கணக்கு தரப்பட்டிருந்தால் தராசையே நம்புங்கள்.

சைவ உணவு உண்பவர்கள் இனிப்பு நூல்களில் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது ஜெலட்டின். அது விலங்குகளின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கப்படுவது. அதற்கு மாற்றாகக் கடற்பாசியிலிருந்து கிடைக்கும் அகர் அகரை, நம் கடைகளில் சைனா கிராஸ் என்று விற்பதை, ஜெலட்டினின் அதே அளவில் போட்டால் இனிப்பு அளவுக்கு மீறி இறுகிவிடும்; ஒரு கப் நீர்மத்துக்கு ஏறத்தாழ 2 கிராம் தூள் போதும். ஜெலட்டின் இளஞ்சூட்டிலேயே கரையும். அகர் அகரைச் சில நிமிடங்கள் நன்றாகக் கொதிக்கவிட வேண்டும். அறை வெப்பத்திலேயே உறைந்துவிடுவதால், கலவையை ஆறவிடாமல் உடனே கிண்ணங்களில் ஊற்றுங்கள். ஜெலட்டினை உறையவிடாத, சமைக்காத அன்னாசியும் பப்பாளியும் இதை ஒன்றும் செய்வதில்லை என்பது எனக்கு மிகவும் பிடித்த வசதி. இந்த மாற்றங்களை அந்தந்தப் பக்கத்தின் ஓரத்திலேயே பென்சிலால் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.