அவுட்லுக்கில் அலுவலக அட்ரஸ் புக் காணவில்லை: எங்கே தொலைந்தது, எப்படி மீட்பது

நேற்றுவரை 'டு' பட்டனை அழுத்தினால் அலுவலகத்தில் இருக்கும் எல்லார் பெயரும் வரிசையாக வந்தது. இன்று பட்டியல் வெறுமையாக இருக்கிறது, அல்லது உங்கள் சொந்த கான்டாக்ட்ஸ் மட்டும் நிற்கிறது. இந்த இடத்தில் பலர் முதலில் செய்வது, மெயில் புரொஃபைலை (கணக்கு அமைப்புகளின் தொகுப்பை) அழித்துப் புதிதாகப் போடுவது. அது கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை. பெரும்பாலும் அதுவரை போகவே வேண்டியிருக்காது.

அட்ரஸ் புக் என்று நாம் ஒரே பெயரில் சொல்வது அவுட்லுக்கில் நான்கு தனித்தனிச் சங்கதிகள். ஒன்று, அலுவலக மெயிலை நடத்தும் எக்ஸ்சேஞ்ச் சர்வரில் நிர்வாகி வைத்திருக்கும் குளோபல் அட்ரஸ் லிஸ்ட், அதாவது அலுவலகம் முழுவதற்குமான பட்டியல். இரண்டு, அதிலிருந்து உங்கள் கம்ப்யூட்டருக்கு இறங்கி வரும் ஆஃப்லைன் அட்ரஸ் புக். மூன்று, ஒரு துறையோ குழுவோ பொதுவாக வைத்துக்கொள்ளும் கான்டாக்ட்ஸ் ஃபோல்டர். நான்காவது, பெயரை அடிக்கத் தொடங்கியதும் தானாக வந்து விழும் ஆட்டோகம்ப்ளீட் பட்டியல். இது அட்ரஸ் புக்கே அல்ல, ஆனால் தொலைந்ததாகப் புகார் வருவதில் இதற்கும் நல்ல பங்கு உண்டு. எது போனது என்று தெரியாமல் எதையும் அழிக்காதீர்கள்.

கீழே சொல்லும் படிகள் விண்டோஸில் ஓடும் பழைய பாணி அவுட்லுக்குக்கு, அதாவது 'ஃபைல்' மெனுவில் 'அக்கவுன்ட் செட்டிங்ஸ்' உள்ள பதிப்புக்கு.

முதல் சோதனை: பிரவுசரில் பாருங்கள்

பிரவுசரில் உங்கள் அலுவலக மெயிலைத் திறந்து, புதிய கடிதம் ஒன்றில் அதே நபரின் பெயரைத் தேடுங்கள். வெப்பில் பெயர் வந்தால் சர்வரில் பட்டியல் நலமாக இருக்கிறது, கோளாறு உங்கள் கம்ப்யூட்டரில்தான். வெப்பிலும் வரவில்லை என்றால் உங்கள் கம்ப்யூட்டரில் எதை மாற்றினாலும் பயனில்லை. கீழே நிர்வாகிக்கான பகுதிக்குப் போங்கள். பக்கத்து இருக்கைக்காரருக்கு வருகிறதா என்றும் கேட்டுவிடுங்கள். அவருக்கு வந்து உங்களுக்கு வெப்பிலும் வராவிட்டால், உங்கள் மெயில்பாக்ஸுக்கு வேறு அட்ரஸ் புக் பாலிசி (யாருக்கு எந்தப் பட்டியல் தெரிய வேண்டும் என்ற விதி) போட்டிருக்க வாய்ப்பு அதிகம்.

அடுத்து 'ஃபைல்' → 'அக்கவுன்ட் செட்டிங்ஸ்' → மறுபடி 'அக்கவுன்ட் செட்டிங்ஸ்'. அங்கே கணக்கின் பெயருக்கு எதிரே 'டைப்' என்ற பத்தியில் என்ன இருக்கிறது? 'மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச்' அல்லது 'மைக்ரோசாஃப்ட் 365' என்று இருக்க வேண்டும். 'ஐமேப்' அல்லது 'பாப்' என்று இருந்தால் வேறு காரணம் தேட வேண்டாம். அந்த இரண்டு வழிகளிலும் கடிதம் வரும் போகும், அலுவலகப் பட்டியல் வராது. புது லேப்டாப்பில் யாரோ அவசரத்தில் கணக்கைச் சேர்க்கும்போது இப்படி ஆகிவிடும். கணக்கை எக்ஸ்சேஞ்ச் வகையாகச் சேர்த்தால் பட்டியலும் கூடவே வந்துவிடும். பழைய பாப் கணக்கை நீக்குமுன் அதன் கடிதங்கள் சேமிக்கப்பட்டிருக்கும் பிஎஸ்டி ஃபைலைக் காப்பி எடுத்து வையுங்கள். அதில் உள்ள கடிதங்கள் சர்வரில் இல்லாமல் போகலாம்.

இருக்கிறது, கண்ணில் படவில்லை

கன்ட்ரோல், ஷிஃப்ட், பி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் அட்ரஸ் புக் ஜன்னல் திறக்கும். வலப்பக்கம் 'அட்ரஸ் புக்' என்ற கீழிறங்கு பெட்டி இருக்கும். அதில் 'கான்டாக்ட்ஸ்' தேர்வாகியிருந்தால் அலுவலகப் பட்டியல் மறைந்துபோனது போலத் தோன்றும். 'குளோபல் அட்ரஸ் லிஸ்ட்' அல்லது 'ஆஃப்லைன் குளோபல் அட்ரஸ் லிஸ்ட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு முறையும் இது மாறாமல் இருக்க, அதே ஜன்னலில் 'டூல்ஸ்' → 'ஆப்ஷன்ஸ்' போய், திறக்கும்போது முதலில் காட்ட வேண்டிய பட்டியலாக அதையே வையுங்கள். பெயரைச் சரிபார்க்கும் வரிசையும் அங்கேதான் இருக்கிறது.

இன்னொரு சின்ன விஷயம். நம் பெயர்களில் இனிஷியல் முன்னால் வரும். டிஸ்ப்ளே நேமை 'ஆர். செல்வி' என்று பதிந்திருந்தால், அகர வரிசையில் அவர் நிற்பது ஆங்கில ஆர் எழுத்தின் கீழே. எஸ் எழுத்தில் தேடிவிட்டு ஆளே இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. தேடல் பெட்டிக்கு மேலே 'மோர் காலம்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்துத் தேடினால் மற்றப் பத்திகளிலும் பார்க்கும். கடிதத்தில் 'செல்வி' என்று அடித்து கன்ட்ரோல், கே அழுத்தினாலும் போதும். முதற்பெயர், கடைசிப் பெயர், அலியாஸ் (மெயில் குறும்பெயர்) எல்லாவற்றிலும் அது தேடும்.

ஆஃப்லைன் அட்ரஸ் புக்: அதிகம் கெடும் இடம்

வெப்பில் இருக்கிறது, அவுட்லுக்கில் இல்லை, அல்லது பழைய ஆட்களே நிற்கிறார்கள் என்றால் சந்தேகம் இதன்மேல்தான். கேஷ்டு எக்ஸ்சேஞ்ச் மோடில், அதாவது சர்வரில் உள்ளதன் பிரதியைக் கம்ப்யூட்டரிலேயே வைத்துக்கொண்டு ஓடும் அவுட்லுக் ஒவ்வொரு தேடலுக்கும் சர்வரைக் கேட்பதில்லை. சர்வரில் இருப்பது அசல், உங்கள் கம்ப்யூட்டரில் இருப்பது ஜெராக்ஸ். எக்ஸ்சேஞ்ச் 2016, 2019 சர்வர்கள் வழக்கமான அமைப்பில் 8 மணி நேரத்துக்கு ஒருமுறை புதுப் பிரதி தயாரிக்கின்றன. அவுட்லுக் அதை 24 மணி நேரத்துக்கு ஒருமுறை இறக்குகிறது. இரண்டையும் கூட்டினால், இன்று சேர்ந்தவரின் பெயர் உங்கள் பட்டியலில் வர 32 மணி நேரம்கூட ஆகலாம். அதனால் ஒரே ஒரு புதியவர் மட்டும் காணவில்லை என்றால் அது கோளாறு அல்ல, தாமதம்.

காத்திருக்க முடியாதவர்கள் கையால் இறக்கலாம். 'சென்ட்/ரிசீவ்' டேப் → 'சென்ட்/ரிசீவ் குரூப்ஸ்' → 'டவுன்லோட் அட்ரஸ் புக்'. வரும் பெட்டியில் 'டவுன்லோட் சேஞ்சஸ் சின்ஸ் லாஸ்ட் சென்ட்/ரிசீவ்' என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். டிக் இருந்தால் மாறியதை மட்டும் இறக்கும். கெட்டுப்போன பிரதியின் மேல் மாற்றத்தை ஒட்டிப் பலனில்லை. ஓகே கொடுத்துவிட்டு, முடிந்ததும் அவுட்லுக்கை மூடித் திறங்கள்.

அதற்கும் அசையவில்லை என்றால் உள்ளூர்ப் பிரதியை ஒதுக்கிவிட்டுப் புதிதாக இறங்க விடலாம்:

1. அவுட்லுக்கை மூடுங்கள். டாஸ்க் மேனேஜரில் பின்னணியில் ஓடவில்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். ஓடிக்கொண்டிருந்தால் ஃபோல்டர் பூட்டியே இருக்கும்.
2. ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் 'வியூ'வில் 'ஹிட்டன் ஐட்டம்ஸ்' டிக் போடுங்கள். பிறகு சி டிரைவ் → யூசர்ஸ் → உங்கள் யூசர் பெயர் → ஆப்டேட்டா → லோக்கல் → மைக்ரோசாஃப்ட் → அவுட்லுக்.
3. அங்கே 'ஆஃப்லைன் அட்ரஸ் புக்ஸ்' என்ற ஃபோல்டரை அழிக்காமல், பெயரின் கடைசியில் 'பழையது' என்று சேர்த்து மாற்றுங்கள்.
4. அவுட்லுக்கைத் திறந்து, மேலே சொன்னபடி முழுப் பட்டியலையும் இறக்குங்கள். ஃபோல்டர் புதிதாக உருவாகும்.

இந்த ஃபோல்டரில் அலுவலகப் பட்டியலின் பிரதி மட்டுமே இருக்கும். உங்கள் கடிதமோ சொந்தக் கான்டாக்ட்ஸோ இதில் இல்லை, எனவே பயமில்லை. பக்கத்தில் இருக்கும், மெயில்பாக்ஸின் பிரதியான ஓஎஸ்டி ஃபைலை மட்டும் தொடாதீர்கள்.

இறக்கும்போதே பிழை வருகிறதா? 8004010எஃப் என்று முடியும் எண் வந்தால், அவுட்லுக் தேடிப் போன பட்டியல் அங்கே அகப்படவில்லை என்று பொருள்: மெயில்பாக்ஸுக்கு ஆஃப்லைன் அட்ரஸ் புக் ஒதுக்கப்படவில்லை, அல்லது புரொஃபைல் பழைய இடத்தையே பிடித்துக்கொண்டிருக்கிறது. 80190194 என்று முடிந்தால் அது வெப்பில் நாம் பார்க்கும் 404தான்; முகவரி இருக்கிறது, அந்த முகவரியில் ஃபைல் இல்லை. இரண்டிலும் அடுத்த வேலை ஒன்றே. டாஸ்க்பாரின் வலக்கோடியில் இருக்கும் அவுட்லுக் சின்னத்தின் மேல் கன்ட்ரோல் கீயைப் பிடித்தபடி வலது கிளிக் செய்து, 'டெஸ்ட் ஈமெயில் ஆட்டோகான்ஃபிகரேஷன்' போடுங்கள். முடிவில் 'ஓஏபி யூஆர்எல்' (ஆஃப்லைன் அட்ரஸ் புக்கின் முகவரி) என்ற வரி இல்லையென்றாலோ அதில் பழைய சர்வரின் பெயர் நின்றாலோ, அந்தத் திரையைப் படம் பிடித்து நிர்வாகிக்கு அனுப்புங்கள்.

பிழை எதுவும் காட்டாமல் இறங்கவும் இறங்காமல் நின்றால், விண்டோஸின் 'பேக்கிரவுண்ட் இன்டெலிஜென்ட் டிரான்ஸ்ஃபர் சர்வீஸ்' நிறுத்தப்பட்டிருக்கிறதா என்று சர்வீசஸ் பட்டியலில் பாருங்கள். பட்டியலை இறக்கித் தருவது இந்தச் சேவைதான். கம்ப்யூட்டரை வேகமாக்குகிறேன் என்று வரும் மென்பொருள்கள் இதை அணைத்துவிடுவதுண்டு. அலுவலக இணைய இணைப்பின் இடைச் சர்வரான ப்ராக்ஸியும் குறுக்கே நிற்கலாம். மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து இறங்குகிறதா என்று பார்த்தால் அது தெளிவாகிவிடும்.

ஒரு துறை முழுக்கவே இறங்கவில்லை என்றால் விண்டோஸின் அமைப்புகள் பதிவாகியிருக்கும் ரிஜிஸ்ட்ரியைப் பாருங்கள். எச்கீ கரண்ட் யூசர் → சாஃப்ட்வேர் → பாலிசீஸ் → மைக்ரோசாஃப்ட் → ஆஃபீஸ் → 16.0 → அவுட்லுக் → கேஷ்டு மோட் என்ற இடத்தில் 'டவுன்லோட்ஓஏபி' என்ற மதிப்பு 0 ஆக இருந்தால், இறக்க வேண்டாம் என்று யாரோ வேண்டுமென்றே சொல்லியிருக்கிறார்கள். நீங்களே 1 ஆக மாற்றினாலும், நிர்வாகி பல கம்ப்யூட்டர்களுக்குச் சேர்த்துப் போடும் குரூப் பாலிசி அடுத்த சுற்றில் பழையபடி ஆக்கிவிடும். போட்டவரிடம் சொல்லித்தான் மாற்ற வேண்டும்.

குழப்பம் தீராவிட்டால் கேஷ்டு மோடையே கொஞ்ச நேரம் அணைத்துப் பாருங்கள்: 'அக்கவுன்ட் செட்டிங்ஸ்' → 'சேஞ்ச்' → 'யூஸ் கேஷ்டு எக்ஸ்சேஞ்ச் மோட்' டிக்கை எடுத்து, மூடித் திறங்கள். இப்போது அவுட்லுக் சர்வரை நேரடியாகக் கேட்கும். பட்டியல் வந்துவிட்டால் ஆஃப்லைன் பிரதிதான் குற்றவாளி என்று உறுதி. டிக்கைத் திரும்பப் போட மறக்காதீர்கள். புதுப் புரொஃபைல் போடுவது இவ்வளவுக்கும் பிறகுதான்: கன்ட்ரோல் பேனல் → 'மெயில்' → 'ஷோ புரொஃபைல்ஸ்' → 'ஆட்'. புதியது ஓடுகிறது என்று தெரியும்வரை பழையதை வைத்திருங்கள்.

பொதுக் கான்டாக்ட்ஸ் ஃபோல்டர் அட்ரஸ் புக்கில் வரவில்லை

ஃபோல்டர் இடப்பக்கத்தில் தெரிகிறது, ஆட்களும் உள்ளே இருக்கிறார்கள், 'டு' அழுத்தினால் மட்டும் வரவில்லை. ஃபோல்டரின் மேல் வலது கிளிக், 'ப்ராப்பர்ட்டீஸ்', 'அவுட்லுக் அட்ரஸ் புக்' டேப். அங்கே 'ஷோ திஸ் ஃபோல்டர் அஸ் அன் ஈமெயில் அட்ரஸ் புக்' என்பதற்கு டிக் போட்டால் வேலை முடிந்தது. அந்த டிக் மங்கிப்போய் அழுத்த முடியாமல் இருந்தால், புரொஃபைலில் அவுட்லுக் அட்ரஸ் புக் சேவையே இல்லை. 'அக்கவுன்ட் செட்டிங்ஸ்' → 'அட்ரஸ் புக்ஸ்' டேப் → 'நியூ' → 'அடிஷனல் அட்ரஸ் புக்ஸ்' → 'அவுட்லுக் அட்ரஸ் புக்' என்று சேர்த்து, அவுட்லுக்கை மூடித் திறந்த பிறகு டிக் போடுங்கள்.

பட்டியலைக் காட்ட முடியவில்லை, அதற்கான கான்டாக்ட்ஸ் ஃபோல்டரைத் திறக்க முடியவில்லை என்று ஓர் எச்சரிக்கை வந்தால், ஃபோல்டர் நகர்த்தப்பட்டோ நீக்கப்பட்டோ இருக்கிறது, அதன் பெயர் மட்டும் எஞ்சி நிற்கிறது. அதே 'அட்ரஸ் புக்ஸ்' டேபில் 'அவுட்லுக் அட்ரஸ் புக்' → 'சேஞ்ச்' போய், அந்த வெற்றுப் பெயரை 'ரிமூவ் அட்ரஸ் புக்' கொடுத்து எடுங்கள்.

பலர் சேர்ந்து பயன்படுத்தும் ஷேர்டு மெயில்பாக்ஸில் இருக்கும் கான்டாக்ட்ஸ்தான் மிகவும் படுத்தும். உரிமை கொடுத்ததும் தானாக இடப்பக்கம் வந்து ஒட்டிக்கொள்ளும் மெயில்பாக்ஸின் கான்டாக்ட்ஸை அட்ரஸ் புக்காகக் காட்ட அவுட்லுக் ஒத்துக்கொள்ளாது. நிர்வாகி கட்டளைகள் அடிக்கும் பவர்ஷெல்லில், இப்படித் தானாக ஒட்டவைக்கும் ஆட்டோமேப்பிங்கை ஃபால்ஸ் ஆக்கி உரிமையை மீண்டும் கொடுக்க வேண்டும். பிறகு அதை நீங்கள் இரண்டாவது கணக்காகச் சேர்த்தால் டிக் போட வழி பிறக்கும். கான்டாக்ட்ஸ் பப்ளிக் ஃபோல்டரில் (சர்வரில் எல்லாருக்கும் பொதுவான ஃபோல்டர்) இருந்தால் முதலில் அதை ஃபேவரிட்ஸில் சேர்த்து, அங்கிருந்து ப்ராப்பர்ட்டீஸ் திறக்க வேண்டும்.

பொதுப் பட்டியலிலிருந்து யாராவது கைதவறி ஆட்களை நீக்கிவிட்டால், ஷேர்டு மெயில்பாக்ஸின் 'டெலீட்டட் ஐட்டம்ஸ்' ஃபோல்டரில் தேடிக் களைக்காதீர்கள். அவுட்லுக்கின் வழக்கப்படி, நீக்கியவரின் சொந்த 'டெலீட்டட் ஐட்டம்ஸ்' ஃபோல்டருக்குத்தான் அவை போயிருக்கும். அங்கும் காலி செய்துவிட்டால் 'ரிகவர் டெலீட்டட் ஐட்டம்ஸ்' இருக்கிறது. எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனில் (மைக்ரோசாஃப்டே இணையத்தில் நடத்தும் எக்ஸ்சேஞ்ச்) அதன் கெடு வழக்கமாக 14 நாள், நிர்வாகி 30 வரை நீட்டலாம்.

வெப்பிலும் இல்லை: நிர்வாகி பார்க்க வேண்டியது

ஒரே ஆள் காணவில்லை என்றால் எக்ஸ்சேஞ்ச் அட்மின் சென்டரில் அவர் மெயில்பாக்ஸைத் திறந்து, பட்டியலிலிருந்து மறைக்கும் 'ஹைட்' அமைப்பு போட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஊழியர்களை அலுவலக ஆக்டிவ் டைரக்டரியிலிருந்து (உள்ளூர் சர்வரில் உள்ள பயனர் பதிவேடு) எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனுக்கு சின்க் செய்பவர்கள் இதை அங்கே, உள்ளூரில்தான் மாற்ற வேண்டும். அங்கே மாற்றியும் எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனுக்குப் போய்ச் சேரவில்லை என்றால் அந்த யூசருக்கு 'மெயில்நிக்நேம்' களம் காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். அது காலி என்றால் மறைக்கும் அமைப்பு மேலே போகாது. டீம்ஸில் உருவாக்கிய குழுக்கள் அவுட்லுக் பட்டியலில் இயல்பாகவே மறைந்திருக்கும், அது பழுது அல்ல. வேண்டுமானால் பவர்ஷெல்லில் வெளிக்காட்டலாம்.

எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனில் புதிதாக அட்ரஸ் லிஸ்ட் உருவாக்கியவர்களை ஏமாற்றும் ஒன்று உண்டு. விதி சரியாக இருக்கும், பட்டியலோ காலியாக இருக்கும். ஏற்கெனவே உள்ளவர்கள் தங்கள் விவரம் ஏதாவது மாறும்போதுதான் புதுப் பட்டியலில் சேர்வார்கள். உள்ளூர் சர்வரில் உள்ளது போலப் பட்டியலைப் புதுப்பிக்கும் கட்டளை அங்கே கிடையாது. பயன்படுத்தாத ஒரு கஸ்டம் அட்ரிபியூட்டில் (விருப்பப்படி நிரப்பும் களம்) எல்லாருக்கும் ஏதாவது ஒரு சொல்லைப் பவர்ஷெல் வழியே மொத்தமாகப் போட்டு, பிறகு எடுத்துவிடுங்கள். அட்ரஸ் லிஸ்ட் கட்டளைகளே தெரியவில்லை என்றால், 'அட்ரஸ் லிஸ்ட்ஸ்' என்ற ரோலை (அதிகாரத்தை) உங்கள் கணக்குக்கு முதலில் ஒதுக்கிக்கொள்ளுங்கள். அது தானாகக் கிடைப்பதில்லை.

ஆட்டோகம்ப்ளீட் மட்டும் போயிருந்தால்

இரண்டெழுத்து அடித்தால் வந்த பெயர்கள் வரவில்லை, 'டு' அழுத்தினால் எல்லாரும் இருக்கிறார்கள் என்றால் அட்ரஸ் புக்கில் குறையில்லை. 'ஃபைல்' → 'ஆப்ஷன்ஸ்' → 'மெயில்' பகுதியில் 'யூஸ் ஆட்டோகம்ப்ளீட் லிஸ்ட்' டிக் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். டிக் இருந்தும் காலியென்றால், கடிதம் அனுப்ப அனுப்ப அது மறுபடி நிறையும்.

சர்வர் மாற்றிய பிறகு, நன்றாகத் தெரிந்த சக ஊழியருக்கு அனுப்பிய கடிதமே 'ஐஎம்சிஇஏஇஎக்ஸ்' என்று தொடங்கும் விசித்திர முகவரியோடு திரும்பி வந்தால் காரணம் இந்தப் பட்டியல்தான்: பழைய சர்வரின் உள்முகவரியை அது நினைவில் வைத்திருக்கிறது. பெயர் வந்து நிற்கும்போது வலப்பக்கக் குறுக்குக் குறியை அழுத்தி நீக்கிவிட்டு, குளோபல் அட்ரஸ் லிஸ்டிலிருந்து புதிதாக எடுங்கள். பலருக்கும் திரும்பினால் நிர்வாகி அந்தப் பழைய முகவரியைப் பெறுபவரின் மெயில்பாக்ஸில் எக்ஸ்500 வகை (எக்ஸ்சேஞ்சின் உள்முகவரி வகை) முகவரியாகச் சேர்க்கலாம். திரும்பிய முகவரியின் தொடக்கச் சொல்லையும் அதை ஒட்டிய கோட்டையும், அட் குறியும் அதற்குப் பின்னால் உள்ள டொமைனையும் நீக்கி, அடிக்கோடுகளைச் சாய்கோடாகவும், +20 என்பதை இடைவெளியாகவும், +28, +29 இரண்டையும் திறக்கும் மூடும் அடைப்புக்குறிகளாகவும் மாற்றிய பிறகே அதை உள்ளிட வேண்டும்.